ராஜுலா இறக்கிவிட்ட ஊர்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மே மாத விடுமுறைக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள் என் மகள். பினாங்கில் இரண்டு ராத்திரி, கோலாலம்பூரில் மூன்று, சிங்கப்பூரில் நான்கு. பெரியவளுக்கு ஐந்து வயது. சின்னவனுக்குக் கிளம்புகிற அன்று இருபத்திரண்டு மாதம் முடிந்திருக்கும். ஸ்ட்ரோலரை விமான வாசல்வரை தள்ளிக்கொண்டு போக விடுவார்களா, சின்னவன் மதியம் தூங்குகிற நேரத்துக்கு எந்த விமானம் தோதுப்படும் என்று மாப்பிள்ளையோடு ஃபோனில் பேச்சு வேறு. எதிரே உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த மூன்று ஊர்ப் பெயரும் அதே வரிசையில் காதில் விழுந்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"எதுக்குப்பா சிரிக்கிறீங்க?"

"இது ராஜுலா போற வழிம்மா."

"யாரு ராஜுலா? உங்க ஆபீஸ்ல வேலை பார்த்தவங்களா?"

ராஜுலா பெண்ணில்லை, கப்பல். 1926-ல் ஸ்காட்லாந்தில் கட்டியது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் சொத்து. ஏறக்குறைய அரை நூற்றாண்டில் பெரும்பாலும் அதற்கு ஒரே வேலைதான்: சென்னைத் துறைமுகத்தில் கிளம்பி நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றி, பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போய், அதே தடத்தில் திரும்பி வருவது. போர்ட் ஸ்வெட்டன்ஹாம்தான் 1972-ல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது. கோலாலம்பூருக்குப் போகிறவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். 1973-ல் ராஜுலா ஓய்வு பெற்றது. அதற்கு ஒரு வருஷம் முன்பே, பிரெஞ்சுக்காரர்களிடம் வாங்கிய ஒரு கப்பலுக்கு 'சிதம்பரம்' என்று பெயர் வைத்து இந்தியக் கப்பல் கழகம் அதே வழியில் விட்டிருந்தது. 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பலில் தீப்பிடித்துப் பலர் செத்துப்போனார்கள். அதோடு அந்தக் கடல்வழிப் பயணிகள் போக்குவரத்து முடிந்தது. ஆனால் ஊர் வரிசை மட்டும் அழியவில்லை. இன்றைக்கு எந்த டூர்க்காரர் நோட்டீஸை எடுத்தாலும் 'சிங்கப்பூர் மலேசியா' என்று ஒரே மூச்சில்தான் அச்சடித்திருக்கிறார்கள். அந்த மூச்சு கப்பலுடையது.

இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்றால், 1976-ல் இருபத்தொரு வயதில் மவுண்ட் ரோட்டில் ஒரு டிராவல் ஏஜென்சியில் டிக்கெட்டிங் கிளார்க்காகச் சேர்ந்தேன். முப்பத்தேழு வருஷம் அடுத்தவர் போகிற ஊருக்கு வழி எழுதிக் கொடுத்தேன். குடியிருப்பு நந்தனம். 1952-53 நந்தன வருஷம். அப்போது உருவான குடியிருப்புக்கு அந்த வருஷத்தின் பெயரையே ராஜாஜி வைத்தார் என்பது இங்கே எல்லோரும் சொல்கிற கதை. தமிழ் வருஷங்கள் அறுபதுக்கு ஒருமுறை சுற்றி வருமில்லையா, 2012-ல் நந்தன மறுபடியும் வந்து போனது. முதல் நந்தனவுக்கும் இரண்டாவது நந்தனவுக்கும் நடுவில்தான், பிள்ளைகுட்டியோடு வெளிநாடு போவது என்பது பிழைப்புக்குப் போவதாகவோ போனவரைப் பார்க்கப் போவதாகவோ இருந்த நிலை மாறி, சும்மா சுற்றிப்பார்க்கப் போவது என்று ஆனது.

அதற்கு முந்தைய நிலைமை தெரிந்ததுதான். கடல் தாண்டினால் பிராயச்சித்தம் என்றிருந்த காலம். 1914-ல் கணிதமேதை ராமானுஜன் கப்பலேறியபோது மனைவி ஜானகியை அழைத்துப் போகவில்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் பண்ண, போன நகரத்தார் பிள்ளைகளும் மூன்று வருஷக் கணக்குக்குத் தனியாகத்தான் போனார்கள். பெண்டு பிள்ளைகள் காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் காத்திருந்தார்கள். தோட்டத்து வேலைக்குப் போனவர்கள் குடும்பத்தோடு போனதுண்டு. அதை விடுமுறை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

குழந்தைகளோடு உல்லாசமாகப் போய்வருவது என்று பார்த்தால், நம்மவர்களுக்கு முதலில் வாய்த்த வெளிநாடு இலங்கைதான் என்பது என் கணிப்பு. 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கே கப்பல் மாறித் தலைமன்னார், அங்கே மறுபடி ரயிலேறினால் கொழும்பு. சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே டிக்கெட். நடுவில் கடல் இரண்டு மணி நேரச் சமாசாரம். 1947 டிசம்பரில் ஏர் சிலோன் தன் முதல் விமானத்தைச் சென்னைக்குத்தான் விட்டது. அதுவும் யாழ்ப்பாணம் வழியாக. 1948-ல் இலங்கை குடிவரவுச் சட்டம் கொண்டுவந்தபின் தாளும் முத்திரையும் சேர்ந்துகொண்டன. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடினாலும் அந்தப் பழைய சௌகரியம் திரும்பவில்லை.

என் பெரியம்மா 1958-ல் மூன்று குழந்தைகளோடு ராஜுலாவில் பினாங்கு போனவள். அங்கே பெரியப்பா ஒரு துணிக்கடையில் கணக்கெழுதினார். டெக் டிக்கெட். டெக் என்றால் மேல்தளத்தில் பாய் விரித்துக்கொள்ள ஓர் இடம், அவ்வளவுதான். கடைக்குட்டிக்கு அப்போதுதான் நடை வந்திருந்தது. பழைய புடவையை நீளவாக்கில் கிழித்து ஒரு முனையை அவன் இடுப்பிலும் மறு முனையை டிரங்குப் பெட்டியின் கைப்பிடியிலும் கட்டிவிட்டாளாம். பெட்டிக்குள் அரிசியும் கருவாடும் இருந்ததால் பையனால் இழுக்க முடியவில்லை. "பெட்டியைச் சுத்திச் சுத்தி வந்தே பினாங்கு போயிட்டான்" என்பாள். அவளுக்குக் கடலைவிடப் பெரிய பயம் தீவு. டெக்கில் யாருக்காவது அம்மை கண்டால் மொத்தப் பேரையும் தனிமைத் தீவில் இறக்கி வைத்துவிடுவார்கள்; பினாங்குக்கு ஜெரஜாக் தீவு, சிங்கப்பூருக்குச் செயின்ட் ஜான்ஸ் தீவு. கேபினில் வருகிற துரைமார்களுக்கு அந்தத் தொல்லை குறைவு. அதனால் கடைக்குட்டிக்கு வேர்க்குரு வந்தபோது கழுத்துவரை சட்டை போட்டு, ஒரு நாள் முழுக்க யார் கண்ணிலும் படாமல் மடியிலேயே வைத்திருந்தாளாம்.

இப்போது என் மகள் சின்னவனுக்கென்று வாங்கியிருக்கிற முதுகுப்பையில் நீளமாக ஒரு வார் தொங்குகிறது. விமான நிலையத்தில் ஓடிவிடாமல் பிடித்துக்கொள்ளவாம். விலை ஆயிரத்துச் சொச்சம். புடவைக் கிழிசல் என்று சொன்னால் முறைக்கிறாள்.

இனி என் காலம். வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று: அன்றைக்கு ஒரு குடும்பம் எந்தெந்த ஊரில் இறங்கும் என்பதை முடிவு செய்தது அழகோ ஆசையோ இல்லை, அந்நியச் செலாவணி. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வெளிநாடு போகிறவருக்குக் கையில் கிடைத்தது 8 டாலர். எட்டு. 1966 ஜூனில் டாலர் 4 ரூபாய் 76 காசிலிருந்து ஏழரை ரூபாய்க்குப் போனபின் அந்த எட்டு டாலர் அறுபது ரூபாய். அறுபது ரூபாயில் எந்த ஓட்டலில் தங்குவது? ஆகவே யார் வீடு இருக்கிறதோ அங்கேதான் இறங்க முடியும். டிக்கெட் வாங்குவதற்கே ரிசர்வ் வங்கியின் பி ஃபாரம் வேண்டும்; பி ஃபாரத்துக்கு, 'இவர்கள் சாப்பாடும் தங்கலும் என் பொறுப்பு' என்று அங்கே இருக்கிற உறவுக்காரர் கடிதம் கொடுக்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்தக் கெடுபிடி தளர ஆரம்பித்திருந்தது. ஆனாலும் எங்கள் சீனியர் கிளார்க் வாடிக்கையாளரிடம் கேட்கிற முதல் கேள்வி 'எங்கே போறீங்க' இல்லை. 'அங்கே யார் இருக்காங்க?'

கோலாலம்பூரில் தங்கை, சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் மச்சான், பினாங்கில் ஒன்றுவிட்ட சித்தப்பா. சொந்தம் எங்கெல்லாம் சிதறியிருந்ததோ அதுவே பயணத் திட்டம். அந்தச் சொந்தம் கப்பல் இறக்கிவிட்ட இடங்களில்தான் குடியேறியிருந்தது. பிற்பாடு 500 டாலர் கொடுக்க ஆரம்பித்தார்கள், அதுவும் சில வருஷத்துக்கு ஒருமுறை. அந்த ஐந்நூறிலும் முந்நூறை ரேடியோ கேசட் பிளேயருக்கு ஒதுக்கிவிட்டு வீட்டுச் சாப்பாட்டை நம்பிப் போனவர்களே அதிகம். நந்தனத்தில் அரசு ஊழியர் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு இதற்கெல்லாம் முன்னால் இலாகாவின் தடையில்லாச் சான்று வேறு. அது வந்து சேர்வதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும்.

பாஸ்போர்ட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1967-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை பாஸ்போர்ட் என்பது சர்க்காரின் தயவு. இஷ்டப்பட்டால் கொடுக்கலாம், இல்லாவிட்டால் இல்லை. அந்தத் தீர்ப்பால்தான் அதே வருஷம் பாஸ்போர்ட் சட்டமே வந்தது. குழந்தைகளுக்கு அப்போதெல்லாம் தனி பாஸ்போர்ட் எடுக்கும் வழக்கம் குறைவு. அம்மா அல்லது அப்பாவின் பாஸ்போர்ட்டில் ஒரு பக்கத்தில் பெயர், பிறந்த தேதி, படம். 'எண்டார்ஸ்மென்ட்' என்போம். செலவு மிச்சம், ஒரு புத்தகம் மிச்சம். பெரும்பாலும் அம்மாவுடையதில்தான் ஒட்டுவோம்.

இதில் நான் செய்த தவறு ஒன்று இன்றைக்கும் உறுத்துகிறது. எண்பதுகளின் ஆரம்பம். சி.ஐ.டி. நகர்க்காரர், மனைவி, இரண்டு பிள்ளைகள். சென்னை, கோலாலம்பூர், சிங்கப்பூர், சென்னை. பிள்ளைகள் இருவரும் அம்மா பாஸ்போர்ட்டில். கோலாலம்பூரில் அந்த அம்மாளின் தங்கைக்கு எட்டு மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. அக்கா கூட இருந்தாக வேண்டும். 'நான் இருக்கேன், நீங்க பசங்களைக் கூட்டிக்கிட்டு சிங்கப்பூர் போய்ட்டு வாங்க' என்று அந்த அம்மாள் கணவரிடம் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் ஒரு வருஷமாக ஜூரோங் பறவைப் பூங்காவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவர்கள். ஆனால் அப்பா கையில் இருக்கும் பாஸ்போர்ட்டில் பிள்ளைகளே இல்லை! அம்மா நகராமல் பிள்ளைகள் நகர முடியாது. அம்மா பாஸ்போர்ட்டைக் கொடுத்தனுப்பலாமா என்று எனக்குத் தந்தி. கூடாது. நான்கு பேரும் கோலாலம்பூரிலேயே பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பினார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. பெரிய பையன் மட்டும் ஆபீஸுக்கு வந்தபோது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இருவரையும் ஆளுக்கொரு பாஸ்போர்ட்டில் ஒட்டச் சொல்லியிருக்கலாம். இல்லை, தனித்தனியாக எடுக்கச் சொல்லியிருக்கலாம். அதற்குப்பின் அப்படித்தான் சொன்னேன்.

அப்புறம் மஞ்சள் புத்தகம். தடுப்பூசிச் சான்று. முதல் அம்மைக் குத்து குத்தினால் எட்டாவது நாளிலிருந்துதான் அது செல்லும், மூன்று வருஷத்துக்கு. காலராவுக்கு ஆறு நாள், செல்லுபடி ஆறே மாதம். குழந்தைக்குக் குத்திய இடம் வீங்கிக் காய்ச்சல் அடித்து, அது தணிந்து, எட்டு நாள் ஆகி, அதற்குப்பின் விமானம் என்று நாள் குறிப்போம். பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்து வருகிறவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். 1980-ல் பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தபோது எங்கள் ஆபீஸில் யாரோ பால்கோவா வாங்கி வந்தார்கள்.

டிக்கெட் என்றால் அப்போது புத்தகம். பின்பக்கம் சிவப்பு கார்பன். நாள் முழுக்க எழுதினால் விரல் நுனி செம்பருத்தி மாதிரி ஆகிவிடும். ஒரு புத்தகத்தில் நான்கு கூப்பன், செக்டருக்கு (ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊர்வரை) ஒன்று. நான்கு செக்டருக்கு மேல் போனால் இன்னொரு புத்தகம் சேர்க்க வேண்டும். ஆறு செக்டர், ஐந்து பேர் என்றால் பத்துப் புத்தகம். கைக்குழந்தைக்கும் தனியாக உண்டு. இரண்டு வயதுக்குள் பத்து சதவீதக் கட்டணம், இரண்டிலிருந்து பன்னிரண்டுக்குள் பாதி. ஆகவே குடும்பப் பயணத்தின் தேதியைக் குறித்தது பிறந்தநாள்தான். 'சின்னதுக்கு ரெண்டு முடியறதுக்குள்ள போய்டுங்க, பெரியவனுக்குப் பன்னெண்டு ஆகறதுக்குள்ள போய்டுங்க' என்று எத்தனை பேரை விரட்டியிருப்பேன். இரண்டும் ஒன்றாகப் பொருந்துகிற ஒரு கோடை விடுமுறை சில குடும்பங்களுக்கு வாய்க்கவே வாய்க்காது.

பல ஊரில் இறங்குவதற்கு அன்றைக்கு ஓர் அருமையான வசதி இருந்தது. மைலேஜ் என்போம். சென்னையிலிருந்து டோக்கியோவுக்கு முழுக் கட்டணம் கொடுத்தால், அந்தக் கட்டணத்துக்கு இத்தனை மைல்வரை பறக்கலாம் என்று ஒரு வரம்பு. அதற்குள் அடங்கினால் பாங்காக்கில் இறங்கலாம், ஹாங்காங்கில் இறங்கலாம், தனியாகக் காசில்லை. வரம்பு மீறினால் ஐந்து சதவீதம் கூட்டு, பத்து கூட்டு, இருபத்தைந்துவரை. தடித் தடியான பட்டியல் புத்தகங்களைப் புரட்டி ஊருக்கு ஊர் மைல் கூட்டி, ஐந்து சதவீத வரம்பைத் தாண்டாமல் ஓர் ஊரை உள்ளே நுழைத்துவிட்டால் சீட்டுக்கட்டில் ரம்மி சேர்ந்த மாதிரி ஒரு சந்தோஷம். இந்தக் கலை செத்துவிட்டது. 2008 ஜூனோடு காகித டிக்கெட்டே முடிந்தது. மலிவு விமானங்கள் ஒவ்வொரு செக்டரையும் தனித்தனியாக விற்கின்றன. மகள் மூன்று டிக்கெட்டை மூன்று இடத்தில் வாங்குகிறாள். மொத்தத் தொகை என் காலத்து மைலேஜ் டிக்கெட்டைவிட எவ்வளவோ குறைவுதான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

சாப்பாட்டுக்கும் குறியீடு உண்டு. பேபி சாப்பாடு பி.பி.எம்.எல்., குழந்தைச் சாப்பாடு சி.எச்.எம்.எல்., நம் சைவச் சாப்பாடு ஏ.வி.எம்.எல். ஏ.வி.எம். ஸ்டூடியோ சாப்பாடு என்போம். எதை எழுதிக் கொடுத்தாலும் மாமிகள் புளியோதரைப் பொட்டலத்தையும் சத்துமாவையும் விட்டு நகர மாட்டார்கள். நகராததே நல்லது என்று பல தடவை நிரூபணமாகியிருக்கிறது.

சினிமாவை விட்டுவிட்டால் இந்தக் கதை முழுசாகாது. 1969-ல் 'சிவந்த மண்' ஐரோப்பாவைக் காட்டியது. 1973-ல் 'உலகம் சுற்றும் வாலிபன்' சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, ஹாங்காங், ஜப்பானின் எக்ஸ்போ 70 என்று ஒரு முழு டூர் அட்டவணையையே காட்டியது. 'ப்ரியா', 'நினைத்தாலே இனிக்கும்' இரண்டும் எழுபதுகளின் கடைசியில் சிங்கப்பூரை நம் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்தன. கவுண்டரில் வந்து 'எம்.ஜி.ஆர். போன ஊரெல்லாம்' என்றே கேட்டவர்கள் உண்டு. எழுத்தில் ஏ.கே. செட்டியார், சோமலெ, மணியன் எல்லோரையும் படித்திருக்கிறேன். பழைய பதிப்புகளை இதோ இந்த நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சியிலேயே தேடி வாங்கியிருக்கிறேன். காந்தி ஆவணப்படத்துக்காக ஒரு லட்சம் மைல் அலைந்த செட்டியாருக்கு ஈடில்லை. ஆனால் அந்தப் பக்கங்களில் நான் படித்தவரை ஒரு பால் புட்டி கூட உருளவில்லை. ஊர் சுற்றிய எழுத்தாளர்கள் தனி ஆட்களாகவே தெரிகிறார்கள். இரண்டு குழந்தையோடு மூன்று ஊர் போன எந்த அம்மாவுக்கும் எழுத நேரம் கிடைத்திருக்காது.

தொண்ணூறுகளில் டாலர் கெடுபிடி இளகியது. ஓட்டல் அறை வந்தது, சமையல்காரரோடு கிளம்புகிற குரூப் டூர் வந்தது. 2004-ல் ஆளுக்கு வருஷத்துக்கு 25,000 டாலர் வெளியே அனுப்பலாம் என்றது ரிசர்வ் வங்கி. இப்போது இரண்டரை லட்சம். மைனருக்கும் உண்டு, கார்டியன் கையெழுத்துப் போட்டால் போதும். ஆக எங்கள் வீட்டு இருபத்திரண்டு மாதத்துக்காரனின் தகுதி இரண்டரை லட்சம் டாலர். என் பெரியப்பா ஆயுள் முழுக்கக் கணக்கெழுதியும் அந்த எண்ணை எழுதியிருக்க மாட்டார்.

கதவுகளும் பக்கத்தில் வந்துவிட்டன. நந்தனம் சிக்னலிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் செனடாப் ரோட்டுப் பக்கம் மலேசியத் துணைத் தூதரகம், தி.நகர் நார்த் போக் ரோட்டில் சிங்கப்பூருடையது. மலேசியாவுக்கு 2023 டிசம்பரிலிருந்து நமக்கு விசாவே வேண்டாம். சிங்கப்பூருக்கு வேண்டும். யாரும் 'அங்கே யார் இருக்காங்க' என்று கேட்பதில்லை.

நான் கேட்டேன். பழக்க தோஷம். மகள் ஒரு நிமிஷம் யோசித்தாள். "பினாங்குல பெரியம்மா பாட்டி வீட்டு ஆளுங்க இருக்காங்கன்னு சொல்வீங்களே?"

கடைக்குட்டி, அதாவது பெட்டியைச் சுற்றி வந்தவன், எழுபதுகளிலேயே ஆஸ்திரேலியா போய்விட்டான். பெரியவர்கள் இல்லை. "யாருமில்லைம்மா" என்றேன். "அப்ப ரெண்டு ராத்திரி எதுக்கு, பசங்களுக்கு ஓட்டல் மாத்தி மாத்தி அலுத்துடும்" என்று பினாங்கை அழித்துவிட்டு கோலாலம்பூரில் ஒரு ராத்திரி கூட்டினாள். சிங்கப்பூரில் நான்காம் நாள் முழுக்க நீச்சல்குளம், எங்கேயும் போவதில்லை என்று எழுதினாள். முப்பத்தேழு வருஷத்தில் நான் ஒரு குடும்பத்துக்கும் 'எங்கேயும் போவதில்லை' என்று ஒரு நாளை எழுதிக் கொடுத்ததில்லை. கொடுத்திருக்க வேண்டும்.

மறுநாள் சின்னவனின் பாஸ்போர்ட் படத்துக்காக வெங்கடநாராயணா ரோட்டு ஸ்டூடியோவுக்குப் போனோம். நான்கு வயதுக்குக் கீழே என்றால் பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் படம் எடுப்பதில்லை. வெள்ளைப் பின்னணியில் நாம் எடுத்துக்கொண்டு போக வேண்டும். நாற்காலியில் அவன் உட்காரவில்லை. மகள் தன் தலைக்கு மேல் ஒரு வெள்ளை வேட்டியைப் போர்த்திக்கொண்டு, உள்ளேயிருந்து அவனை மடியில் நிமிர்த்திப் பிடித்தாள். எதிரே நான் சாவிக்கொத்தை ஆட்டினேன். முதல் படத்தில் கொட்டாவி. இரண்டாவதில் வேட்டியிலிருந்து அவளுடைய மோதிர விரல் தெரிந்தது. மூன்றாவதில் திரும்பி வேட்டிக்குள் அம்மாவைத் தேடினான்.

நாலாவதில் நேரே பார்த்தான். ஆறு காப்பி போடச் சொன்னோம்.